அகழிக்கு அப்பால்

ரப்பர்த் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, பசுமையாக இருப்பதெல்லாம் வனம் ஆகிவிடாது என்பதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1877-ஆம் ஆண்டில், பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் கன்றாக நட்டுவைத்த பால்மரம், அரை நூற்றாண்டுக்குள் இம்மாநிலத்தின் சமவெளிகளிலும் குன்றுச் சரிவுகளிலும் பரவி நின்றது. மலையுச்சியிலிருந்து நோக்குபவனுக்கு அது ஒரு மகாவனமாகவே காட்சி தந்திருக்கும். ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பிறகு நெற்றி விளக்கோடும் வெட்டுக்கத்தியோடும் நிரை நிரையாக நடந்து மங்குகளில் பால் சேர்த்த நம் முன்னோர், அந்த நிழலுக்குள் இருந்த வறுமையை நன்கு அறிந்திருந்தார்கள். ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம். பறவை உண்ணக் கனியில்லை, இருவாசி முட்டையிடப் பொந்தில்லை, மான் மறையப் புதரில்லை. காட்டுப்பன்றியைப் போல எதற்கும் இணங்கிப்போகும் சில பிராணிகள் நீங்கலாக, காட்டின் பெரும் ஜீவராசிகள் அதனை இரவில் கடந்து சென்றனவேயன்றி, அங்கே குடும்பம் நடத்தியதில்லை.

பசுமை வேறு, வாசஸ்தலம் வேறு என்ற இந்தத் தோட்டத்து அறிவை மனத்தில் இருத்திக்கொண்டு, தைப்பிங் நகரத்து விலங்குப் பூங்காவை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். ஈப்போவிலிருந்து புறப்பட்டால், சுங்கை சிப்புட்டையும் கோலகங்சாரையும் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இன்று செம்பனையாகவோ வீடமைப்புத் திட்டமாகவோ மாறிவிட்ட நிலங்களின் ஊடே சென்று, மழைக்குப் பெயர் பெற்ற அந்த ஊரை அடையலாம். மேக்ஸ்வெல் மலையின் அடிவாரத்தில், ஏரிப் பூங்காவின் ஓரத்தில், 34 ஏக்கர் பரப்பில் 1961-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது அப்பூங்கா. அதற்கு அடுத்துள்ள ஏரிகளோ, வெள்ளீயம் அகழ்ந்து கைவிடப்பட்ட பள்ளங்கள். 1880-ஆம் ஆண்டு கர்னல் வாக்கர் என்பவரின் முயற்சியால் நந்தவனமாகத் திருத்தப்பட்டவை. இன்று அந்த நீர்விளிம்பைத் தொட்டுத் தாழ்ந்திருக்கும் தூங்குமூஞ்சி மரங்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவை. ஆகவே கண்ணுக்கு இயற்கையாகத் தோன்றும் அந்தச் சூழலில் மனிதக் கை படாத இடம் மிகச் சொற்பம். மலைமேல் உள்ளதுதான் மெய்யான வனம். அதன் எல்லை பூங்காவின் வேலியிலிருந்து சிறிது தூரத்திலேயே தொடங்குகிறது. வேலிக்கு உள்ளே உள்ளது மனிதன் ஆலோசித்து நிர்மாணித்த ஒன்று. அது யாருடைய தேவையை ஆலோசித்து நிர்மாணிக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. சென்னையில் 1855-ஆம் ஆண்டு, அரசாங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் உயிருள்ள பிராணிகளையும் காட்சிக்கு வைத்தார். அக்காலத்து உலக வழக்கப்படி அவை இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே இருந்தன. பார்ப்பவனுக்குப் பயமில்லாமல், பார்க்கப்படுவது மறையாமல் இருக்க வேண்டும் என்ற ஒன்றே அப்போதைய சாஸ்திரம். அதனை மாற்றியவர் ஹாம்பர்க் நகரத்து மிருக வியாபாரியான கார்ல் ஹாகன்பெக். புலி எவ்வளவு உயரம் எம்பும், எவ்வளவு தூரம் தாவும் என்பதைச் சோதித்து அளந்து, அந்த அளவுக்கு மேல் அகலமும் ஆழமும் கொண்ட அகழியை வெட்டிவிட்டால் கம்பிக்கு அவசியமில்லை என்று கண்டு, 1907-இல் ஸ்டெல்லிங்கன் என்ற இடத்தில் கம்பியில்லாத பூங்காவை அவர் திறந்துவைத்தார். (இதே மனிதர் 1880-களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மக்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோய், ஜெர்மானிய நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்சிப்படுத்தியவர் என்பதையும் மறவாமல் குறிப்பிட வேண்டும்.) சென்னை மிருகக்காட்சிசாலை நகரத்து நெரிசலை விட்டு வண்டலூரில் அகழிகளோடு கூடிய திறந்தவெளிப் பூங்காவாக 1985-இல் மறுபிறப்பு எடுத்ததற்கும், தைப்பிங்கில் மலையடி நிலத்தின் ஏற்ற இறக்கங்களைத் தழுவி அடைப்புகள் அமைந்திருப்பதற்கும் ஆதிகாரணம் அந்த ஹாம்பர்க் அகழியே.

அகழி பார்வையாளனுக்குச் செய்யும் உபகாரம் பிரத்தியட்சம். நம் பக்கத்துச் சுவர் செங்குத்தாகவும் மிருகத்தின் பக்கத்துக் கரை சரிவாகவும் இருப்பதால், நம் கண்ணுக்குப் பள்ளம் தெரிவதில்லை. புல்வெளியும் அதில் நிற்கும் புலியும் பின்னணியில் மலையும் ஒரே தொடர்ச்சியாகத் தெரிகின்றன. ஆனால் இந்தத் தோற்றத்தால் புலிக்கு என்ன லாபம்? கம்பி நீங்கியதால் நமக்கு மனம் லேசாகிறது; அதற்கு அப்படி ஆகுமா?

இதை முதன்முதலில் கிரமமாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டின் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிக் ஆகிய மூன்று நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளையும் அடுத்தடுத்து நிர்வகித்த அவர், 1942-இல் வெளியிட்ட நூலில், காட்டு மிருகம் மனம்போன இடமெல்லாம் சஞ்சரிக்கும் ஸ்வதந்திர ஜீவன் என்ற எண்ணமே மனிதன் கற்பித்துக்கொண்ட பிரமை என்று நிறுவினார். காட்டில் ஒவ்வொரு பிராணியும் தன் எல்லைக்குள் கட்டுண்டது. அந்த எல்லைக்குள்ளும் நீர் அருந்த ஓரிடம், உறங்க ஓரிடம், உடம்பை உரசிக்கொள்ள ஒரு மரம், இவற்றை இணைக்கும் சில பாதைகள், அப்பாதைகளில் நடக்க இன்ன வேளை என்ற நியமத்தோடுதான் அதன் வாழ்வு நடக்கிறது. ஆகவே அடைப்பின் விஸ்தீரணத்தைவிட, அதற்குள் இந்த இடங்கள் எல்லாம் உண்டா என்பதே முக்கியம் என்றார் ஹெடிகர். அவர் விளக்கிய இன்னொரு கருத்து அதனினும் ஆழமானது. பகையென்று தான் கருதும் ஒன்று எவ்வளவு தூரம் நெருங்கும்வரை ஒரு மிருகம் பொறுத்திருக்கும், எந்தத் தூரத்தில் ஓடத் தொடங்கும் என்பதற்கு ஒவ்வோர் இனத்திலும் ஓர் அளவு உண்டு. அதனை ஓட்டத் தூரம் எனலாம். அடைப்பின் எந்த மூலைக்குப் போனாலும் பார்வையாளன் அந்தத் தூரத்துக்குள்ளேயே நிற்பான் என்றால், அம்மிருகம் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நாள் முழுவதும் அச்சத்திலேயே இருக்கிறது என்று பொருள்.

அச்சத்தை அளக்க முடியுமா என்று வாசகர் கேட்கலாம். முடியும். மன உளைச்சலின்போது சரீரத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயக்குநீரின் எச்சங்கள் மலத்தோடு வெளியேறுவதால், மிருகத்தைத் தொடாமலேயே அதன் உள்நிலையை ஓரளவு அறியலாம். வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளிலுள்ள படைச்சிறுத்தைகளை இம்முறையில் ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த முடிவுகள், நம் மலாயாக் காடுகளிலும் வாழும் அந்த மரமேறிப் பிராணிக்கு எது ஆறுதல் என்பதைத் தெளிவாகக் காட்டின: அடைப்பு உயரமாக இருக்க இருக்க உளைச்சல் குறைந்தது, ஜனங்களின் பார்வையில் வைக்கப்பட்டவற்றுக்கு அது கூடியது. கிளையில் ஏறி இலைக்குள் மறைவதற்கு வழியிருந்தால் அதற்கு அதுவே வீடு.

தைப்பிங்கில் இதைக் கண்கூடாக உணர வேண்டுமானால் தாப்பிரின் அடைப்பருகே நிற்க வேண்டும். மலாய்க்காரர்கள் தெனுக் என்றும் சிப்பான் என்றும் சொல்லும் இப்பிராணி, குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு. முன்காலில் நான்கும் பின்காலில் மூன்றுமாக விரல்கள் கொண்டது. முந்நூறு கிலோ வரை எடையேறக்கூடியது. இதன் இனத்தார் மற்றவர் எல்லாரும் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் இருக்க, இது ஒன்று மட்டும் ஆசியாவில் எஞ்சி நிற்கிறது. பட்டப்பகலில் போகிறவர்கள் பெரும்பாலும் புதரையும் சேற்றுக் குட்டையையும் மட்டுமே கண்டு, "ஒன்றுமில்லை" என்று முணுமுணுத்தபடி ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் எல்லாம் இருக்கிறது. முன்னுடலும் கால்களும் கரிய நிறம், நடுவுடல் வெண்மை என்ற அந்த வினோதமான வர்ணம், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் எவருக்கும் மறைவிடமாகத் தோன்றாது. ஆனால் இலைகளின் வழியே ஒழுகும் நிலவொளியில், வெண்ணிறப் பகுதி ஒரு பாறையாகவும் கருநிறப் பகுதி அதன் நிழலாகவும் பிரிந்துபோக, மிருகம் என்ற முழு வடிவம் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. புலியின் கண் தேடுவது வடிவத்தை. அந்த வடிவத்தைக் குலைப்பதே இந்த நிறத்தின் வேலை என்று விலங்கியலார் கருதுகின்றனர். ஏறக்குறைய பதின்மூன்று மாதம் கருவில் இருந்து பிறக்கும் இதன் குட்டியோ, தாயைப் போல் இராமல், பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளுமாகப் பிறக்கிறது. காட்டுத் தரையில் விழும் வெயிற்சிதறல்களோடு அது கலந்துவிடும். சில மாதங்கள் கழித்துத்தான் தாயின் நிறம் வரும்.

இத்தகைய பிராணிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அது நம் கண்ணில் படாமல் இருக்க வழிவிடுவதுதான். பகலெல்லாம் புதரில் படுத்திருந்து, அந்தி சாய்ந்தபின் துதிக்கை போன்ற தன் மூக்கால் இளந்தளிர்களைத் தெரிந்தெடுத்துப் பறித்துண்டு, நீரில் மூழ்கி உடலின் வெப்பத்தைத் தணித்துக்கொள்வது அதன் சுபாவம். அந்த அடைப்பில் நிழலும், ஆழமான நீரும், நம் பார்வைக்கு எட்டாத ஓர் ஒதுக்குப்புறமும் இருந்தால் அது சிறந்த அடைப்பு. அதைக் காணாமல் திரும்பியவன் ஏமாந்தவன் அல்லன், அதன் வீட்டைச் சரியாகப் பார்த்தவன். இரவில் மறைந்து வாழ்வதற்கென்றே வாய்த்த இந்த உடல், நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் அதற்கே யமனாகிவிட்டது என்பது பெருந்துக்கம். எந்த மறைவால் புலியிடமிருந்து தப்பிற்றோ, அதே மறைவால் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கும் அது தென்படாமல் போக, ஆண்டுதோறும் தாப்பிர்கள் சாலையில் அடிபட்டு மடிகின்றன.

புலியின் விஷயம் வேறு. மறைவிடமும் நீரும் நிழலும் கொடுத்த பிறகும் புலி சில வேளைகளில் வேலியோரமாக ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். நடந்து நடந்து புல் தேய்ந்து, அத்தடம் மட்டும் செம்மண்ணாக இருக்கும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் அதனை உற்சாகம் என்று எண்ணிக் கைதட்டுகிறார்கள். அது உற்சாகமன்று. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இருவர், சிறைவைக்கப்பட்ட பலவகை மாமிசபட்சிணிகளை ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த நடைக்குக் காரணம் வேட்டையாட முடியாத ஏக்கம் என்ற பழைய நம்பிக்கை பொருந்தவில்லை என்றும், காட்டில் எந்த இனம் அதிகத் தூரம் சஞ்சரிக்கிறதோ அந்த இனமே அடைப்பில் அதிகமாக இப்படி நடக்கிறது என்றும், அதன் குட்டிகளே அதிகமாக மடிகின்றன என்றும் காட்டினார்கள். துருவக் கரடிக்குக் கொடுக்கப்படும் அடைப்பு, காட்டில் அதற்குள்ள மிகச்சிறிய எல்லையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே என்பது அவர்கள் கணக்கு. ஆக, ஹெடிகர் சொன்னது தாப்பிருக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. தூரமே வாழ்வாக உள்ள மிருகங்களுக்கு அது முழுதும் பொருந்தவில்லை. 34 ஏக்கர் முழுவதையும் ஒரே புலிக்கு விட்டாலும் அதன் காட்டெல்லையின் ஓர் ஓரத்துக்கு ஈடாகாது. பேராக்கின் வடகோடியில் 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் வனம் 1,17,500 ஹெக்டேர் பரப்புடையது. அத்தகைய பெருவனங்களே புலிக்குப் போதுமானவை. தீபகற்பத்தின் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தபின், அகழிக்கு அப்பால் படுத்திருக்கும் ஒவ்வொரு புலியையும் சாதாரணக் காட்சிப் பொருளாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

ஆகாரம் கொடுக்கும் முறையிலும் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. உழைக்காமல் கிடைக்கும் உணவே எந்த ஜீவனுக்கும் பிரியம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். 1963-இல் க்ளென் ஜென்சன் என்பவர் எலிகளுக்கு ஒரு கிண்ணம் நிறைய உணவைத் தாராளமாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு விசையை அமுக்கினால் ஒவ்வொரு துணுக்காக உணவு விழும்படியும் அமைத்துப் பார்த்தார். இலவசக் கிண்ணம் அருகில் இருந்தும், பெரும்பாலான எலிகள் விசையை அமுக்கி உழைத்தே தங்கள் உணவில் கணிசமான பங்கைப் பெற்றன. தேடுவதும் கண்டடைவதும் வயிற்றுப்பசியினின்றும் வேறான ஒரு தேவை என்பதற்கு இது சான்று. மரப்பொந்தில் தேனைத் தடவி வைப்பது, இலைகளைக் கையெட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது, இறைச்சியை ஒவ்வொரு நாளும் ஒவ்வோரிடத்தில் ஒளித்து வைப்பது என இன்றைய பூங்காக் காவலர்கள் செய்யும் வேலைகள் விளையாட்டல்ல. உணவைவிட அரிதாகச் சிறைக்குள் கிடைக்கும் ஒன்றை, அதாவது அன்றைய பொழுதுக்கு ஒரு காரியத்தை, அவர்கள் அந்தப் பிராணிக்கு வழங்குகிறார்கள்.

2003-ஆம் ஆண்டு முதல் தைப்பிங்கில் இரவிலும் பூங்காவைத் திறந்துவைக்கிறார்கள். இதை நான் வரவேற்கிறேன்; ஏனெனில் காட்டின் கால அட்டவணைக்கு மனிதன் இணங்கிப் போகும் அபூர்வமான சந்தர்ப்பம் அது. மங்கிய விளக்கொளியில் கடமானும் புனுகுப்பூனையும் புலியும் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அவற்றின் கண்கள் ஒளிர்வது, விழித்திரைக்குப் பின்னாலுள்ள ஒரு படலத்தின் காரியம். விழித்திரையில் படாமல் தப்பிச் சென்ற ஒளியை அப்படலம் மறுபடியும் அதன்மேல் திருப்பி அனுப்புவதால், சொற்ப வெளிச்சத்தையே இருமுறை பயன்படுத்திக்கொள்ள அவற்றால் முடிகிறது. தேவாங்குக்கும் அந்தப் படலம் உண்டு. பகலில் விழித்திருந்து வர்ணங்களைக் கூர்ந்து காணும் குரங்குகளுக்கும் கிப்பன்களுக்கும் நமக்கும் அது இல்லை. நள்ளிரவில் அந்தப் பாதையில் தடுமாறி நடப்பவர்கள் நாம் மட்டுமே.

தைப்பிங்குக்கு வடக்கே, செமாங்கோலை அடுத்த புக்கிட் மேரா ஏரியில், மிருகத்தை அடைத்துவைத்து மனிதன் வெளியே நின்று பார்க்கும் முறை முற்றும் தலைகீழாக மாறியிருக்கிறது. கிரியான் வட்டாரத்து நெல்வயல்களுக்குப் பாசனம் தருவதற்காக 1906-இல் கட்டிமுடித்த நீர்த்தேக்கத்தின் நடுவே, ஏறக்குறைய 35 ஏக்கர் கொண்ட தீவில், 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓராங் ஊத்தான்கள் வளர்க்கப்படுகின்றன. அங்கே மனிதர்கள் கம்பிக்கூண்டாலான நடைபாதைக்குள் நடக்க, வானரங்கள் வெளியே மரங்களில் உலவுகின்றன. அவை நீந்தா, ஆதலால் ஏரிநீரே அகழி. ஒவ்வோர் அந்தியிலும் கிளைகளை வளைத்துப் புதிதாக ஒரு படுக்கை பின்னிக்கொள்ளும் அந்த ஜீவன், அந்த வித்தையைத் தாயிடமிருந்து பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கற்கிறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் செல்வது, தாய் அந்தப் பாடத்தை முடித்துத் தருவதற்காகத்தான் போலும். இது போர்னியோவின் பிராணியாயிற்றே, பேராக்கில் இதற்கு என்ன உரிமை என்று கேட்போர் உண்டு. பிளைஸ்டோசீன் யுகத்து ஓராங் ஊத்தான்களின் பற்கள், பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக் குகையொன்றிலும், தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துச் செல்லும் பத்துமலையின் குன்றிலுள்ள குகைகளிலும் கண்டெடுக்கப்பட்டு, அச்செய்தி 2013-இல் வெளியாயிற்று. வேல் கொண்ட அக்குன்றில் ஒருகாலத்தில் அவை வாழ்ந்திருந்தன. ஆயினும் அன்றைய காடு இன்று இல்லை. தீவில் பிறந்த குட்டிக்குத் தீவே உலகம்.

பூங்காவில் பிறந்தது மறுபடியும் காட்டில் வாழுமா என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் ஓடிய மலாயாவின் முதல் ரயில் சென்று நின்ற இடம் மாத்தாங் சதுப்புக்காடு. இலங்கையிலிருந்து வந்த முன்னோடிப் படையினர் அந்தத் தண்டவாளத்தை இட்ட நாட்களில், அக்கரையோரத்துச் சேற்றில் பால்நிற நாரைகள் தாராளமாக மேய்ந்திருக்கும். 1980-களில் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்ட அவை, பின்னர்ப் பத்துக்கும் கீழே போய்விட்டன. கோலாலம்பூரை அடுத்த தேசிய மிருகக்காட்சிசாலையில் இனவிருத்தி செய்யப்பட்ட நாரைகளை அதே கரையோரத்திலுள்ள கோலா கூலாவுக்குக் கொண்டுவந்து, 2007-இல் வெளியே விடத் தொடங்கினார்கள். அந்த மிருகக்காட்சிசாலையில் ஒரு சிக்கல் இருந்தது. வேடந்தாங்கலில் நம்மவர் கண்டு மகிழும் சங்குவளை நாரை இதற்கு நெருங்கிய உறவாதலால், ஒரே இடத்தில் வளர்ந்தபோது இரண்டும் கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறந்துவிட்டன. தூய இனத்தைப் பிரித்தறிய மரபணுச் சோதனை அவசியமாயிற்று.

இவ்வகை நாரைகள் பெரும்பாலும் மீனைக் கண்ணால் கண்டு பிடிப்பதில்லை. திறந்த அலகைக் கலங்கிய நீரில் அமிழ்த்திக்கொண்டு நடக்க, அலகில் மீன் பட்ட மாத்திரத்தில் அது தானே மூடிக்கொள்கிறது. அமெரிக்க இனமொன்றில் இதை அளந்தபோது, அலகு மூடுவதற்கு ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கே ஆயிற்று. இந்தச் செயல் பிறவியோடு வருவது. கூண்டில் பிறந்த குஞ்சுக்கும் அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அலகைப் போட்டால் மீன் படும் அளவுக்கு மீன் நெருங்கிக் கிடக்கும் குட்டை, கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் எங்கே எஞ்சும், அது எத்தனை நாழிகை நிற்கும் என்பது கூண்டில் பிறந்ததற்குத் தெரியாது. அதை மாத்தாங்கின் ஓதம்தான் கற்பிக்க வேண்டும். அந்த ஓதமோ நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் பிந்தி வருகிறது.